படலை இல்லாத வீடு

பிட்டும் முட்டைப் பொரியலும் ஆறிப்போய் மணத்த காருக்குள் இரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தபின், கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது நனைந்த கல்லின் வாசனைதான். ஒஸ்லோவில் ரொம்மனிலிருந்து புறப்பட்டு, காரைக் கப்பலில் ஏற்றி, ஜெர்மனியைக் கடந்து சுவிசிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போகிற வழியில், "ரோமர் கட்டினதாம், பாத்திட்டுப் போவம்" என்று அப்பா திருப்பி நிறுத்திய இடம் அது. எனக்குப் பத்து வயது, தங்கை துஷிக்கு ஐந்து. மழை தூறியதால் அங்கே எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

கூரை இல்லை, கதவு இல்லை. முழங்கால் உயரச் சுவர்கள் மட்டும் புல்லுக்குள் அறை அறையாக ஓடின. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பாவோ பேயறைந்தவர்போல் நின்றார். "புல்லிலை கால் வைக்காதை, நான் மிதிச்ச இடத்திலை மட்டும் மிதி" என்றார். "இஞ்சை ஆரப்பா மிதிவெடி புதைச்சது?" என்று அம்மா சிரித்தார், ஆனால் அவரும் அப்பாவின் அடியொற்றியே நடந்தார்.

ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த தன் வீட்டை அடுத்த கோடை விடுமுறையில் எங்களுக்குக் காட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். அங்கே என்ன மிச்சமிருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, போகவேண்டாமென்று அம்மா மன்றாடிக்கொண்டிருந்தார்.

"இது விறாந்தை, இது சாமியறை, அது சமைக்கிற குசினி" என்று அப்பா சுவர்களைச் சுற்றி நடந்தார், யாருடைய வீட்டைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பிறகு சுவரில் வாசல்போல் விட்டிருந்த இடைவெளியில் நின்று, ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் "படலை"யடியில், அதாவது வெளிவாசலில், நின்று கூப்பிடுவார்களே, அதேபோல் "வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுத்தார். பகிடிக்குத்தான்.

நிலத்துக்கு அடியிலிருந்து மெல்லிய குரலொன்று, "ஓம், வாங்கோ" என்றது.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. துஷிதான்! வீட்டைச் சூடாக்க ரோமர் தரைக்கடியில் வெப்பக்காற்று ஓடவிட்ட பொந்துக்குள் நுழைந்திருந்தவள், ரொம்மனில் கதவு மணி அடித்தால் அம்மா சொல்வதை அப்படியே சொல்லியிருக்கிறாள், குறும்புக்காரி. அப்பா சிரிக்கவில்லை. அவளை இழுத்தெடுத்து நெஞ்சோடு அணைத்தபடி காருக்கு ஓடினார். வெகுநேரம் இயந்திரத்தை முடுக்காமல் இருந்துவிட்டு, "நான் ஊருக்கு வரமாட்டன்" என்றார். "அங்கை போய்க் கூப்பிட்டா வாங்கோ எண்டு சொல்ல ஆர் இருக்கினம்?" அதன்பின் ஊர்ப் பயணப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. போன வருடம் நான் தனியாக ஊருக்குப் போனேன். அப்பாவின் வீட்டில் படலை இல்லை, மாமரம் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. முழங்கால் உயரச் சுவர்கள்தான் புல்லுக்குள் ஓடின. ரொம்மனில் இருந்த அப்பாவுக்குக் கைபேசிக் காணொளியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, அவர் கண் இமைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல், படலை இருந்த இடத்துக்குப் போய் நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டேன்.

கையிலிருந்த கைபேசி கரகரத்தது.

"ஓம்" என்றார் அப்பா. "வாங்கோ."