அண்ணாச்சிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

சங்கரன்கோவிலில் சிவகணேஷ் படங்களுக்குப் பிரேம் போடுகிறார். வருவதில் பாதி காலண்டர். மேலே ஜவுளிக்கடைப் பெயர், கீழே தேதித்தாள், நடுவில் சாமி. பெயரையும் தேதியையும் வெட்டிவிட்டுச் சாமிக்குக் கண்ணாடி போடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. சங்கரநாராயணர் படத்தில் மட்டும் பக்கவாட்டில் கை வைக்கமாட்டார். ஒரு பக்கம் வெட்டினால் சிவன் குறைவார், மறுபக்கம் பெருமாள்.

வெட்டிய துண்டுகளை எறிவதில்லை. அடுத்த படம் பிரேமுக்குள் ஆடாமலிருக்க அதன் முதுகில் வைத்து அடித்துவிடுவார்.

ஜெய்னப் கொண்டுவந்தது வெளிநாட்டு ஓவியத்தின் அச்சு. திறந்த ஜன்னல், இரு பக்கமும் நீலக் கதவு, வெளியே மஞ்சள் கடல். நூறு வருஷத்துக்கு முந்தியதாம். அவள் கணவன் முகம்மது சாதிக் வளைகுடாவில் ஓர் ஓவியக்கூடத்தில் காவலாளி. பகல் முழுக்க அந்த ஓவியத்துக்கு எதிரே நிற்பவன். அவன் நிற்கிற அறையில் வேறு ஜன்னல் கிடையாது.

"அவுக பாக்குதத நானும் பாக்கணும் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை போன்ல காட்டச் சொல்லியிருக்காக."

வெள்ளிக்கிழமை காலை வந்தாள். பிரேமுக்குள் கடல் மட்டும் இருந்தது.

"ஜன்னல எங்க?"

"பிரேமுக்குள்ள இன்னொரு பிரேம் எதுக்குன்னு எடுத்துட்டேம்மா."

"அது வழியாத்தான அவுக பாக்காக."

படத்தை வாங்கிக்கொள்ளாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜன்னலை வெட்டிய கையோடு சிவகணேஷ் போட்ட அடுத்த படம் பனவடலிசத்திரத்தில் இறந்துபோன குற்றாலிங்கத்துடையது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வாங்கிப் போயிருந்தார்கள். சிவகணேஷ் பஸ் ஏறினார்.

அந்த வீட்டில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. குற்றாலிங்கத்தின் மனைவி காந்திமதியம்மாள் எழுந்து வந்தாள்.

"படத்தக் கழத்தணுமா? எதுக்கு?"

"அண்ணாச்சிக்குப் பின்னால ஒரு ஜன்னல் இருக்குக்கா."

அவள் சற்று யோசித்தாள்.

"அவுகளுக்குக் காத்து வேணும்தான். இருந்துட்டுப் போட்டும்."

"அது இன்னொருத்தர் வீட்டு ஜன்னல்."

"அப்பம் எடுத்துக்கிடும். அவுக அடுத்தவன் பொருள வச்சுக்கிட்டதே இல்ல."

மாலையில் ஜெய்னப் வீட்டுச் சுவரில் சிவகணேஷே படத்தை மாட்டினார். ஜன்னலும் கடலும் சேர்கிற இடம் கோடாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெய்னப் அதைப் படத்துக்கு நேரே பிடித்தாள்.

"அண்ணாச்சி, தொடாதீங்க. பின்னால வாங்க."

போனில் சாதிக், காவல் வேலையில் பேசுகிற குரல். சிவகணேஷ் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

"ஏட்டி, நீயும்தான். இன்னும். இன்னும் கொஞ்சம்."

ஜெய்னப்பின் முதுகு பீரோவில் இடித்தது.

"ஆங். அங்கனதான் நான் நிக்கேன்."

அவள் அங்கேயே நின்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற சிவகணேஷுக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் கோடு தெரிந்தது. அவளுக்குத் தெரிகிறதா என்று கேட்கவில்லை.