தை வெள்ளியில் வாங்கிய மிசின்

அத்தான் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையை எஞ்சின் மூடியில் வைத்தார். சுற்றிவர முழங்காலளவு பனி. விட்ட மூச்சு முகத்துக்கு முன்னாலேயே வெள்ளையாக நின்றது. அந்த மஞ்சள் மூடி மட்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டிபோலச் சூடாக இருந்தது. “பிள்ளை, இஞ்சை வந்து தொட்டுப் பார். சூடாக் கிடக்கு” என்றார். கோயிலில் தீபத்தை ஒற்றிக்கொள்வதுபோல அந்தக் கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நானும் தொட்டேன். அந்தக் குளிரில் அந்தச் சூடு அவ்வளவு சுகமாக இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வடக்கே, ஒரு தை வெள்ளிக்கிழமை அது. அந்தச் சூட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் நாங்கள் எல்லோரும் ஒரே அடுக்குமாடியில் நெருக்கியடித்து இருந்த காலத்தில், அவர் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். ஊரில் வன்னிக் காட்டில் மரம் ஏற்றும் உழவு இயந்திரம் ஓட்டியவர். கோப்பை கழுவுகிற கையை அவர் தன் கையென்றே ஒத்துக்கொண்டதில்லை. ஒருநாள் பத்திரிகை விளம்பரம் பார்த்து வடக்கே மரம் வெட்டும் வேலைக்குப் போனார். வாரக் கடைசியில் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் தேவதாரு மணக்கும். அக்கா மூக்கைப் பொத்துவாள். “உது மணமில்லை, உது சம்பளம்” என்பார். சில வருடங்களில் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிற ஆளாகிவிட்டார். ஹார்வெஸ்ரர் என்று அதற்குப் பெயர். நீண்ட இரும்புக் கை ஒன்று. அதன் நுனியில் ஒரு பிடி. அந்தப் பிடி மரத்தை அடியில் கவ்வி, அறுத்து, சாய்த்து, கொப்புகளை உருவி, அளவான துண்டுகளாகப் போட்டுவிடும். நான் ஒரு டோனட் கடையில் வேலை செய்தேன். ஒரு மரம் முழுதாகத் துண்டாகிற நேரத்துக்குள் என்னால் ஒரு கோப்பிக்கு மூடிகூடப் போட முடியாது என்று அவர் என்னைப் பகிடி பண்ணுவார்.

அவர் வேலை செய்த இடத்து முதலாளி தொழிலை மூடியபோது, அந்தப் பக்கத்துக் காட்டுச் சொந்தக்காரர் ஒருவர் அத்தானைக் கூப்பிட்டு, “உன்னிடம் சொந்த மிசின் இருந்தால் இந்தக் காட்டை நீயே வெட்டலாம்” என்றார். ஒரு நிபந்தனை. அது சதுப்புக் காடு. நிலம் உறைந்து கிடக்கிற மாதங்களில்தான் இயந்திரம் உள்ளே போகலாம். பங்குனி பிறந்து பனி இளகினால் எல்லாம் சேறு. அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆள். அத்தான் இதைச் சொன்னபோது அக்கா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. “நாங்கள் கார் வாங்கவே காசில்லாமல் இருக்கிறம். இவர் காட்டை வெட்டுற மிசின் வாங்கப் போறாராம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

வங்கிக்காரர் பழைய இயந்திரம் என்றதுமே கையை விரித்துவிட்டார். பிறகு ஒரு பினான்ஸ் கொம்பனிக்குப் போனோம். என் ஆங்கிலம் டோனட் கடையில் படித்த ஆங்கிலம். ஆனாலும் அவர்களுடையதைவிடத் தேவலை என்று என்னைக் கூட்டிப் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், “உங்கள் ஆட்களில் கடை வைக்கக் கேட்டவர்கள் உண்டு, வீடு வாங்கக் கேட்டவர்கள் உண்டு. இதை யாருமே கேட்டதில்லை. இதை எங்கே நிறுத்துவீர்கள், அடுக்குமாடிக்குக் கீழேயா?” என்று கேட்டாள். அத்தான் சிரிக்கவில்லை. தன் வேலை விவரமெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவர் கைகளால் அந்த இயந்திரத்தை ஓட்டியே காட்டினார். மூன்றில் இரண்டு பங்கு தருகிறோம், மிச்சத்தை நீங்கள் போட வேண்டும், இயந்திரமே ஈடு என்று முடிவாயிற்று. ஒரு மாதத் தவணை தவறினாலும் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

மிச்சத்துக்கு இருந்தது சீட்டு. நகரின் கிழக்கே வோபர்னில் ஒரு அன்ரியின் வீட்டில் மாதம் ஒருமுறை கூடும் சீட்டு அது. ஆளுக்கொரு தொகை போடுவார்கள். அவசரக்காரர் கழிவு கேட்டு, அதாவது தன் பங்கில் இவ்வளவை விட்டுத்தருகிறேன் என்று சொல்லி, மொத்தத்தை முதலில் எடுக்கலாம். கூடக் கழிவு சொல்பவருக்கே சீட்டு. அன்றைக்கு அந்த வரவேற்பறையில் எல்லோருக்கும் ஏதோ ஓர் அவசரம் இருந்தது எனக்குத் தெரியும். அன்ரி ஆரம்பித்து வைத்தார். அத்தான் ஒரு சின்னத் தொகையைச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் ஏற்றப்போகிறார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்ன, எல்லாற்றை நாக்கையும் பல்லுக் கடிச்சுப் போட்டுதோ?” என்றார் அன்ரி. மூலையில் இருந்த ஒரு அண்ணை மட்டும், “மரக்காரர் எடுக்கட்டும். எங்கடை ஆக்களிலை ஒருத்தர் காட்டுக்கை போறதை நாங்களும் பாப்பம்” என்றார். அத்தான் அந்த வீட்டுப் படியிறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

இனித்தான் அந்த வெள்ளிக்கிழமை. மார்கழியில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்று அக்கா தை பிறக்கும்வரை பொறுக்க வைத்திருந்தாள். தை வெள்ளி, நல்ல நாள். ஆனால் வெள்ளியில் பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகுகாலம். இயந்திரத்தை விற்கிற கிழவர் பன்னிரண்டு மணிக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். அதற்கு முன் வரச் சொல்லியிருந்தார். பனி வீதியில் நாங்கள் பத்தரைக்கு முன் போய்ச் சேர்வோமென்று யாராலும் சொல்ல முடியாது. முதல்நாள் பின்னேரம் அக்கா கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “மிசின் எங்களுக்கெண்டு ஓடத் தொடங்கிற நேரம்தானே முக்கியம். பத்து மணிக்கு அவரையே ஒருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கோவன். தொடங்கினது நல்ல நேரமெண்டால் பிறகு வாறது வரட்டும்” என்றாள். அத்தான் உடனே தொலைபேசியை எடுத்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நாளை பத்து மணிக்கு இயந்திரத்தை ஓடவிடுங்கள், நாங்கள் வரும்வரை நிறுத்த வேண்டாம், இது எங்கள் வழக்கம் என்றார். கிழவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, சரி என்றார்.

சிநேகிதர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு நானும் அத்தானும் போய்ச் சேர பதினொரு மணி ஆகிவிட்டது. வீதி திரும்பும்போதே அதன் உறுமல் கேட்டது. மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு உயரத்துக்கு நின்றது. சங்கிலிச் சக்கரங்கள் என் தோளளவு. நான் காரிலிருந்து இறங்கவே பயந்தேன். கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, “நீங்கள் சொன்னபடி பத்து மணியிலிருந்து ஓடுகிறது. விருப்பமென்றால் நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன்” என்றார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அத்தான் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். “நோ, நோ! நிப்பாட்டாதேங்கோ!” பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கிழவர் தோளைக் குலுக்கினார். “காலையில் இவளுக்குக் கொஞ்சம் பிடிவாதம்” என்றார் இயந்திரத்தைத் தட்டி. “என்ரை மனிசியும் அப்பிடித்தான் எண்டு சொல்லு” என்றார் அத்தான். சொன்னேன். மூன்று பேரும் அந்தக் குளிரில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அவர் கையுறையைக் கழற்றியது, மூடியைத் தொட்டது, கண்ணில் ஒற்றியது எல்லாம்.

வீட்டில் அத்தான் அடிக்கடி சொல்கிற பேச்சு ஒன்று இருந்தது. “மனிசரையும் மிசினையும் விடியக் காலமை எழும்பேக்கை பாக்கவேணும். பின்னேரத்திலை எல்லாரும் நல்லவைதான்.” வடக்கே வேலை செய்த அத்தனை வருடமும், உறைந்து கிடந்த இயந்திரங்களை விடியற்காலையில் எழுப்பியவர் அவர். குளிர்ந்த எஞ்சின் எழும்புகிற விதத்தில்தான் அதன் வயது தெரியும் என்று எனக்கே பாடம்போலச் சொன்னவர். அந்த மனிதர்தான் அன்றைக்குச் சூடான மூடியைத் தொட்டுக் கும்பிட்டார். உடன் நின்ற எனக்கும் அந்தப் பேச்சு நினைவுக்கு வரவில்லை. காசோலை கைமாறியது. அன்று பின்னேரமே பாரம் ஏற்றும் லொறி ஒன்று இயந்திரத்தைச் சூடு ஆறமுன் ஏற்றிக் காட்டில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே வைத்துத்தான் எஞ்சினை நிறுத்தினோம்.

திங்கட்கிழமை காலை அதே இரவல் காரில் அக்காவையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனோம். ஒன்பது மணிக்கு ராகுகாலம் முடியும்வரை காருக்குள் இருந்தோம். பிறகு அக்கா இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். காற்றில் கற்பூரம் அணைந்து அணைந்து எரிந்தது. சங்கிலிச் சக்கரங்களுக்கு முன்னால், ஏறி நசிக்கவென்று நான்கு தேசிக்காய், எலுமிச்சைதான். அத்தான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஓர் இருமல். மறுபடியும் திருப்பினார். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்தது, நின்றது. மூன்றாம் தரம் அதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். தெரியாதவனின் முகமல்ல அது. எல்லாம் தெரிந்தவனுக்கு, தெரிந்ததெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்த முகம்.

கூப்பிட்டு வந்த மெக்கானிக் அரைமணி நேரத்தில் சொல்லிவிட்டான். எஞ்சின் உள்ளுக்குள் தேய்ந்துபோயிற்று. சூடாக இருந்தால் ஓடும், ஆறினால் எழும்பாது. முழுக்கக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வாங்கிய விலையில் பாதி ஆகும், பனி இளகும்வரை நாளும் எடுக்கும். “அந்தக் கிழவனுக்கு இப்பவே போன் அடிக்கிறன். ஏமாத்திப் போட்டான்” என்று கத்தினேன். அத்தான் மெதுவாகத்தான் சொன்னார்: “அந்த மனிசன் நிப்பாட்டி, ஆறவிட்டுக் காட்டுறன் எண்டு கேட்டவர், பிள்ளை. காலமையிலை பிடிவாதம் எண்டும் சொன்னவர். நிப்பாட்டாதேங்கோ எண்டு கத்தினது ஆர்?” நாங்களே தொலைபேசி எடுத்து, நாங்களே கெஞ்சி, எங்கள் கண்ணை நாங்களே மறைக்கச் சொல்லியிருக்கிறோம். அக்கா குனிந்து, நசியாத தேசிக்காய்களைப் பொறுக்கினாள். அவை கல்லாய் உறைந்திருந்தன. ஒன்றோடொன்று முட்டியபோது கல்லின் சத்தமே கேட்டது.

மெக்கானிக் ஒரு சூடுகாற்று இயந்திரம் வைத்திருந்தான். எஞ்சினைத் தார்ப்பாயால் மூடி, அடியில் சூட்டை ஊதவிட்டார்கள். மத்தியானம் திரும்பிய பிறகு, இருமி இருமி, அது எழும்பியது. அத்தான் சாவியிலிருந்து கையை எடுத்தார். “இனி இதை நிப்பாட்டிறேல்லை” என்றார். இன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். அவர் நினைத்தது பனி இளகும்வரை.

உண்மையாகவே அவர் நிறுத்தவில்லை. பகலில் வெட்டினார். இருட்டியதும் அதை மெதுவான ஓட்டத்தில் விட்டுவிட்டு, இரவல் வாங்கிப் பக்கத்தில் நிறுத்திய பழைய வான் வண்டிக்குள் படுத்தார். எண்ணெய் மாற்ற மட்டும், நடுமத்தியானத்தில் சில நிமிடம் நிறுத்தி, சூடு ஆறமுன் மறுபடி ஓடவைப்பார். டீசல் காசு வெட்டிய மரத்தில் நல்ல பங்கைத் தின்றது. ஆனாலும் தவணையைத் தவறாமல் கட்டினார், சீட்டுக் காசையும் கட்டினார். ஞாயிறுகளில் நான் சாப்பாடு கொண்டுபோவேன். ஒரு ஞாயிறு மத்தியானம் போனபோது வான் வண்டிக்குள் நல்ல நித்திரை. சப்பாத்தோடு படுத்திருந்தார், தாடி வளர்ந்து ஆளையே தெரியவில்லை. நான் கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், அசையவில்லை. அந்த நேரம் வெளியே எஞ்சினின் சத்தம் ஒரு நொடி தாழ்ந்தது, எனக்குக் கேட்டும் கேளாத அளவு. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு அவர் பனிக்குள் பாய்ந்து ஓடினார். நான் மீன்குழம்புச் சட்டியோடு விறைத்து நின்றேன். ஒரு மனிதரின் நித்திரையை ஒரு சத்தம் இப்படித் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் என்று நான் அறிந்ததில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். ஆனால் கலண்டரை விட்டுக்கொடுக்கவில்லை. “நேரம் நல்ல நேரம்தானடி. அதுதான் நிக்காமல் ஓடுது” என்றாள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்.

பங்குனியில் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார். காடு வெட்டி முடிந்து, கடைசிக் கட்டைகளும் லொறியில் ஏற்றப்பட்டிருந்தன. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். இயந்திரம் கெட்டியான மேட்டுக்கு வந்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். அது நின்றது. இறங்கி வந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். “என்னப்பா?” என்று அக்கா ஓடினாள். “சத்தமில்லாமல் காது நோகுது” என்றார். பிறகு அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டார்.

அந்தக் கோடையில் எஞ்சினைப் புதுப்பித்தார். அதை வைத்துப் பல வருடம் வெட்டினார். இப்போது முழங்கால் இரண்டும் முடியாமல், அக்காவோடு வோபர்னில் இருக்கிறார். போன மாதம் என் மகள் ஒரு பழைய கார் பார்க்கப் போனபோது, அத்தானும் வரட்டும் என்று கூட்டிப் போனோம், அக்காவும் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமை, பதினொரு மணி இருக்கும். விற்பனைக்காரப் பொடியன் எங்களுக்குக் குளிருமென்று காரை முன்பே ஓடவிட்டு, உள்ளே சூடாக்கி வைத்திருந்தான். மகள், “சோ நைஸ்!” என்றாள். அத்தான் ஊன்றி வந்த பொல்லை என்னிடம் தந்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை மூடியில் வைத்தார்.

“நிப்பாட்டச் சொல்லு” என்றார்.

பொடியன் நிறுத்தினான். எவ்வளவு நேரம் காத்திருக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் நேரத்தைப் பார்த்தாள். “ராகுகாலம். பன்னிரண்டு தாண்டட்டும்” என்றாள். “அதுக்கிடையிலை இதுவும் ஆறிவிடும்” என்றார் அவர். இவ்வளவு லேசானதா என்று நான் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துவிட்டு வருவோம் என்று மகள் கூப்பிட்டாள். அக்கா போனாள், நான் போனேன். அத்தான் வரவில்லை. கடைக் கண்ணாடிக்கு அப்பால், தூறும் பனியில், அவர் அந்த மூடியில் கை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தார்.