பின்கண்ணாடியின் சுவிட்ச்

தன் பிக்கப் வண்டியில், முன் இருக்கைக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவே, மோட்டாரில் நகரும் பின்கண்ணாடி வைக்க வேண்டும் என்று மகன் கேட்டான். முறையைச் சொன்னேன். மனு, வரைபடம், கட்டணம், ஆய்வு, பிறகு பதிவுச் சான்றில் ஒரு வரி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இந்த வரிசையை ஊருக்கெல்லாம் சொல்லியே ஓய்வூதியம் வரை வந்தவள் நான். என் சிறுவயதில் இதே வேலையைச் செய்த மாமாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. மனைவி தன்னோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்பது மட்டும் தெரியும்.

மாமா என் அம்மாவின் அண்ணன். அவர் மனைவி என் அப்பாவின் தங்கை. உடையார்பாளையத்தில் முந்திரி மூட்டை ஏற்றும் பிக்கப் வைத்திருந்தார். சொந்தத்தில் கல்யாணம் என்றால் மூட்டை இருந்த இடத்தில் பெண்கள். முன் இருக்கை ஆண்களுக்கு. இதற்கு விதி எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

அப்படி ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது முன்னால் அப்பாவும் மாமாவும், பின்னால் அத்தையும் சிறுமியான நானும் மட்டும். ரஞ்சன்குடி பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். எனக்குத் தாகம் என்றதும் அத்தை கூஜாவோடு இறங்கிக் கடைக்குப் பின்னால் அடிபம்புக்குப் போனாள். அப்பாவும் மாமாவும் டீயை முடித்தார்கள். பேச்சை முடிக்காமலே ஏறி வண்டியை எடுத்துவிட்டார்கள்.

நான் பின்கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். டீசல் எஞ்சின் என் குரலை விழுங்கிவிட்டது. விளையாடுகிறேன் என்று நினைத்த மாமா, திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டித் தானும் கண்ணாடியில் தாளம் போட்டார். பெரம்பலூர் வரை எங்கள் கச்சேரி நடந்தது. அங்கே நிறுத்தியபோதுதான் அத்தை வண்டியில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

அதற்குள் பஸ் பிடித்துவிட்ட அத்தை தானாகவே குரும்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூஜாவிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூட்ட விழுந்திருந்தா நிப்பாட்டித் தேடியிருப்பாரு."

மாமா தனியாக ஊர் போனார். அதன் பிறகு வந்தபோதெல்லாம் அவருக்குக் காப்பி கிடைத்தது, மனைவி கிடைக்கவில்லை. அண்ணனுக்குப் பரிந்து பேசவும் முடியாமல், நாத்தனாரைப் போகச் சொல்லவும் முடியாமல், அம்மா பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

ஒருநாள் காலை பிக்கப் வாசலில் வந்து நின்றது. பின்கண்ணாடி இருந்த இடத்தில் பழைய பஸ்ஸின் நகரும் கண்ணாடி. அதை இழுக்க ஒரு வைப்பர் மோட்டார். பெரம்பலூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் செய்தது.

"ஏறி ஒக்காந்து பாரு. இனிமே பேசுனா கேக்கும்," என்றார் மாமா.

தெரு பார்த்துக்கொண்டிருந்ததால் அத்தை ஏறினாள். மாமா முன்னால் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். வைப்பர் மோட்டாருக்குத் தெரிந்த வேலை போவதும் வருவதும்தான். கண்ணாடி திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. மாமா அதைக் கவனிக்காமல் மனதில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி நான் பாக்காம..." மூடியது. "...புள்ள தட்டுச்சு, நான் என்னமோ..." மூடியது. "...நீ இல்லாம வூடே..." மூடியது.

"மச்சான், ஒண்ணு அத நிப்பாட்டுங்க, இல்ல நீங்க நிப்பாட்டுங்க," என்றார் அப்பா. தெருவே சிரித்தது.

அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடி நின்றதும், "சுவிட்சு எங்க இருக்கு?" என்றாள்.

"இந்தா, ஸ்டியரிங் பக்கத்துல."

"அப்ப ஒங்களுக்குத் தோணுனாத்தான் எங்க சத்தம் கேக்கும்."

இறங்கி உள்ளே போய்விட்டாள்.  மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு பெரம்பலூர் போனார்.

சாயங்காலம் வந்தபோது முன்பக்கச் சுவிட்ச் இல்லை. பின்னால், உட்கார்ந்தால் கை எட்டும் இடத்தில், வீட்டு அழைப்பு மணியின் பொத்தான். மழை படாமலிருக்க அதன்மேல் டியூப் ரப்பரில் வெட்டிய ஒரு மூடி. அத்தை ஏறி அழுத்தினாள், நகர்ந்தது. விட்டாள், நின்றது. மறுபடி ஒருமுறை செய்து பார்த்தாள்.

"அண்ணி, போயிட்டு வரேன்," என்றாள் அம்மாவிடம்.

பள்ளி விடுமுறை என்று நானும் கிளம்பினேன். மரியாதைக்குக் கொண்டுபோய் விட அப்பாவும் வந்தார். முன் இருக்கை வழக்கம்போல் அவருக்கு. அரியலூர் தாண்டியும் அத்தை பொத்தானைத் தொடவில்லை.

"தெறக்கலயா அத்த?" என்றேன்.

"எதுக்கு? இப்ப சொல்ல ஒண்ணுமில்ல."

இத்தனை பாடுபட்டு வைத்த ஜன்னல் வீணாகிவிட்டதே என்று மாமாவுக்காக வருந்தினேன். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அத்தை ஏன் அவ்வளவு நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டாள் என்பதும், கேட்க எதுவும் இல்லாதபோதும் மாமா ஏன் ஊர் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார் என்பதும் எனக்கு அன்று விளங்கவில்லை.