செவ்வாய்க்கிழமைப் பாண்

மன்னாரில் கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லோரும் அவற்றுக்கு எதையாவது போடுகிறோம். போட்டதன் விளைவை யாரும் நின்று பார்ப்பதில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி, கணவர் நெஞ்சுவலியில் கிடந்து பிழைத்தபோது, செவ்வாய்க்கிழமைதோறும் ஏழைகளுக்குப் பேக்கரிப் பாண் கொடுப்பதாகப் புனித அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். எங்கள் ஒழுங்கை வீடுகளிலேயே வசதியில்லாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அயலார் பார்க்க ஒரு வீட்டு வாசல் படலையடியில் நின்று பாண் வாங்க அவர்கள் கூசினார்கள். கழுதைகள் கூசவில்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும் ஒன்று, பல் தேய்ந்த கிழடு ஒன்று, கொழுத்த சாம்பல் நிறப் பெட்டை ஒன்று என மூன்று வந்தன. அன்ரி மூன்றுக்கும் ஒரே அளவாகப் பிய்த்துப் போட்டார். மற்ற நாட்களில் மிஞ்சிய சோறும் அவற்றுக்கே போனது. சமமாகப் பங்கிடுவதே நீதி என்று நிவாரண வரிசைகளில் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒருநாள் சாம்பல் கழுதை படலைவரை வரவில்லை. சுடுமணலில் நிற்பதைப்போல முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடி ஒழுங்கை முனையிலேயே நின்றது. நான் அழைத்துவந்த மிருக வைத்தியர் குளம்பைத் தொட்டுப் பார்த்தார். பாணும் சோறும் அளவுக்கு மிஞ்சியதால் குளம்பின் உள்ளே அழற்சி என்றார். இப்படியே தொடர்ந்தால் அது விழுந்துவிடும், பிறகு எழும்பாது.

"அப்ப ஒண்டும் குடுக்காமல் விடுவம்" என்றேன்.

"அதுவும் பிழை. கொழுத்த கழுதையைப் பட்டினி போட்டால் கொழுப்பு இரத்தத்தில கலந்து செத்துப்போகும். இதுக்கு வைக்கோலும் தண்ணியும். பால் குடுக்கிறதுக்குப் பச்சைப்புல்லும் வேணும். கிழடு மெல்லாது, அதுக்குத் தவிட்டை நனைச்சு வையுங்கோ."

வைத்தியர் போனபின் அன்ரி என்னிடம் திரும்பினார்.

"நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுவியள். நேர்ந்தது நான். நிப்பாட்டி இவருக்கு ஏதும் வந்தால்?"

ஒரு விலங்கின் காலையும் ஒரு மனைவியின் பயத்தையும் எந்தத் தராசில் வைப்பது?

விறாந்தையில் சாய்வுக் கதிரையில் இருந்த அன்ரியின் கணவர், அங்கிள், குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், பிள்ளை பெத்து வந்திருக்கிற மகளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா மீன். எனக்கு உப்பில்லாத கறி. கருவாட்டையும் ஒளிச்சு வைச்சிருக்கிறீர். கழுதையளுக்கு மட்டும் என்னத்துக்குப் பொதுச் சமையல்?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றார் அன்ரி.

அடுத்த செவ்வாய், ஆட்கள் எழும்புமுன், அன்ரி பாணைப் பைகளில் போட்டுச் சில வீட்டுப் படலைகளில் தொங்கக் கொழுவிவிட்டு வந்தார். யாரும் கூச வேண்டியிருக்கவில்லை. வயல் ஊரான அடம்பனிலிருந்து பஸ்ஸில் வைக்கோல் கட்டு வந்தது. மூன்று கழுதைகளுக்கும் மூன்று இடங்களில் வேறுவேறாக வைத்து, ஒன்றின் பங்கில் மற்றது வாய் வைக்காதபடி தடியோடு காவல் நின்றார். நடக்க முடியாததற்கு ஒழுங்கை முனைக்கே கொண்டுபோனார்.

சில வாரங்களின் பின் சாம்பல் கழுதை தானாகவே படலையடிக்கு வந்தது. வைக்கோலை முகர்ந்துவிட்டு அன்ரியின் கைகளைப் பார்த்தது.

"ஓம், இண்டைக்குச் செவ்வாய்தான். ஆனால் உனக்கு இதுதான்" என்றார் அன்ரி.

அதற்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் நான்கு கால்களையும் நிலத்தில் ஊன்றி நின்றே தின்றது.

"பழகிடும்" என்றார் அங்கிள், விறாந்தையிலிருந்து.