ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

ஹம்சவேணியைக் கல்நெஞ்சுக்காரி என்று எங்கள் ஆபீஸில் பேசியவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாளாம். அப்படிப் பேசியவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல எனக்கு வரும். வீட்டில் உட்கார்ந்து அவள் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தார்களோ!

மதுரை காமராசர் சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். தினமும் நாகமலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் எம்.சி.ஏ. படித்தாள். ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருந்த கோகுல்நாத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஒத்தக்கடையில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி திறந்தபோது சேர்ந்தாள். மேலூரிலிருந்து வரும் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எனக்கு ஜாவா பிடிபட்டதே அவளால்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், ஸ்ரீலட்சுமி. ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. பொங்கல் வியாபார நேரம் என்பதால் கோகுல்நாத் கடையில் நின்றிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த மனுஷன் அதற்குப் பிறகு பிள்ளையின் பேரைக்கூட வாய்திறந்து சொல்லவில்லை.

குழந்தையின் குரல் ஒரு கேசட்டில் இருந்தது. கோகுல்நாத் அதை ஒருமுறைகூடக் கேட்கத் துணிந்ததில்லை. போட்டுப் போட்டு நாடா நைந்து, ஒருநாள் டேப்ரெக்கார்டரில் சிக்கி, ஒட்ட முடியாதபடி அறுந்தது. நல்லவேளையாக அதற்கு முன்பே ஹம்சவேணி அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆபீஸ் மெஷினோ நாலு பேர் கை படுவது. ஒருநாள் யாரோ தெரியாமல் அதைத் திறந்துவிட, குழந்தையின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. ஹம்சவேணி கையில் இருந்த டீயைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்றைக்கே அதைப் பூட்டினாள். ஒரு வாடிக்கையாளருக்காக அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்ததே அந்த வேலைதான். கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டு மறைக்கும் புரோகிராம். வெறும் பாஸ்வேர்டை எவனும் ஊகித்துவிடுவான். அதனால் பூட்டும் நேரத்தில் மெஷின் தானாகக் கண்டமேனிக்கு ஒரு எண்ணை எடுத்து, பாஸ்வேர்டோடு பலமுறை பிசைந்து சாவி செய்யும். அந்த எண்ணுக்கும் கணக்குக்கும் சேர்த்துப் பாராமீட்டர் என்று பேர். திறக்கும்போதும் அதே பாராமீட்டர் வேண்டும். அது போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் பிரயோசனமில்லை.

அதை டிஸ்க்கில் எங்கே எழுதி வைப்பது என்று வாடிக்கையாளர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் புரோகிராமின் ஆப்ஜெக்ட் ஒன்றிலேயே, அதாவது மெஷின் ஓடும் வரை நினைவில் நிற்கும்படி, ஹம்சவேணி வைத்திருந்தாள். அந்த மெஷினை நாங்கள் அணைப்பதே இல்லை; கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். சாயங்காலம் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போவோம். மதியம் சாப்பிட்டானதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகளைக் கேட்பாள். எனக்கும் ஒருமுறை கொடுத்து, பேச்சு சௌராஷ்டிரத்தில் இருந்ததால் அர்த்தமும் சொன்னாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே முதலாளி நல்லகாமன் வந்து, "எல்லாத்தையும் நிப்பாட்டித் தொடச்சுப் பொட்டு வைங்கத்தா. சாமிக்கு முன்னாடி எதுவும் ஓடப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹம்சவேணி பூஜையன்றைக்கு, பல மாதங்களுக்குப் பிறகு, பூ வைத்து வந்திருந்தாள். பொரியைக் கொறித்துக்கொண்டு, "மீனா, உன் கீபோர்டைத் தட்டினா ஒரு குடும்பமே சாப்பிடலாம் போல, அம்புட்டுப் பொரி" என்று என்னைக் கிண்டல் செய்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சிரிப்போடேயே தன் மெஷினை அணைத்தாள். துடைத்தாள். சந்தனம் குங்குமம் வைத்தாள். அணைத்தால் பாராமீட்டர் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்த ஒரு நிமிஷம் ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். பாழாய்ப்போன அந்த ஒரு நிமிஷம்.

விஜயதசமியன்று மறுபடி வேலை தொடங்க வந்தோம். பின்னாலேயே கோகுல்நாத் வந்து நின்றார்.

"நல்ல நாளாச்சே, இன்னைக்காவது பாப்பா குரலைக் கேட்டுரலாம்னு வந்தேம்மா" என்றார் என்னிடம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஹம்சவேணி மெஷினைப் போட்டாள். பாஸ்வேர்டை அடித்தாள். பிழை என்று வந்தது. மறுபடி அடித்தாள். மூன்றாம் தடவை அவள் விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"அக்கா, நேத்து..." என்றேன்.

"ஆமா மீனா. நான்தான் அணைச்சேன்."

கணவரிடம் தங்கள் வீட்டு மொழியில் சொன்னாள். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவரோ பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். முகத்தை மூடிக்கொண்டு அந்த மனுஷன் அழுதார், அப்படி அழுதார். ஹால் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நின்றது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபிறகு, என்ன கேட்டார் என்றேன்.

"அதுல என்னைத் தேடுனாளான்னு கேட்டாரு. ஆமா, தேடுனா, அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாள்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேசட்டில் இருந்தது அதுவல்ல. அப்பா எங்கே என்று ஹம்சவேணி கேட்க, "அவரு கடையிலயே இருக்கட்டும், எனக்கு வேணாம்" என்று வெடுக்கென்று சொல்லும் பிள்ளை.

"அது கோவத்துல சொன்னதுதானே மீனா, அதை அவர்ட்ட எப்படிச் சொல்ல?" என்றாள். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா அந்தக் கோவக் குரலும் எனக்கு வேணுமே. அதை நான் யார்ட்டப் போய்க் கேப்பேன்?"