பூட்டிய வீட்டுச் சிறுமி

பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அந்த அதிகாரியம்மாவுக்கு இருபது வருடமாக வேலை. கல்வி அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வேட்டு வைத்தாள். நான்கு மாதமாகப் பள்ளிப் பதிவேட்டில் அவள் இல்லை. காலை பத்து மணிக்கு ஐந்து முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாயிற்று. ஐந்து முறையும் வீடு பூட்டு. பள்ளிக்குப் போகாத பிள்ளை அந்த நேரத்தில் வீட்டில்தானே இருக்கும் என்பது அதிகாரியின் கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஓட்டை. மறுநாள் கோப்பு போலீசுக்குப் போயாக வேண்டும். பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை வேறு. மனசு கேட்காமல், அலுவலகம் முடிந்ததும் தன் பச்சைப் பையை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கிளம்பினார்.

கதவு திறந்திருந்தது. பஸ் டிரைவர் சீருடையைக்கூட மாற்றாமல், ஒரு பெண் சமையலறை மேசையில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்தச் சிறுமி. அதிகாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யாரென்று சொன்னதும் தாயின் முகம் வெளுத்தது.

"வீட்டுலயே படிக்க வைக்கிறேன்னு ஸ்கூல்ல லெட்டர் குடுத்துட்டேனே மேடம். இவளுக்குப் பேச்சு திக்கும். எல்லாரும் கேலி பண்ணி, வாயே திறக்காம ஆயிட்டா. திரும்ப அங்க அனுப்பச் சொல்லிடாதீங்க."

"அந்த லெட்டர் எங்க ஆபீசுக்கு வந்து சேரலம்மா. வீட்டுல படிக்கிறது தப்பில்ல. ஆனா படிக்கிறாளான்னு நான் பாக்கணும். காலையில எங்க இருக்கா?"

"என்கூட பஸ்லதான். டிப்போவுல கேட்டுக்கிட்டுதான் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலம் டியூட்டி முடிஞ்சதும் வீட்டுல பாடம்."

சிறுமி அதிகாரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நோட்டை நீட்டினாள். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தேதி போட்டு, கட்டம் கட்டி, சராசரியும் எடுத்து வைத்திருந்தாள். ஒரு கூட்டலிலும் பிசகில்லை. ஐந்து தேதிகளில் மட்டும் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'பச்சைப் பை ஆன்ட்டி. என் பின் சீட். குறட்டை.'

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அதே ஐந்து தேதிகள். ஒரு நிமிடம் முகம் சுண்டிப்போனது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிறுமியும் சிரித்தாள்.

'வீட்டில் நன்றாகப் படிக்கிறாள்' என்று படிவத்தில் எழுதினார். 'முன்பே கண்டுபிடிக்காததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனா சற்றுத் தயங்கியது. கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதினார்: 'ஐந்து நாளும் சிறுமி எனக்கு முன் சீட்டில்தான் இருந்தாள். நான் தூங்கிவிட்டேன்.'