தெரணியகலைக்கு அப்புத்தளை வழியாக

நிவித்திகலவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து தெரணியகலைக்குப் போவதென்றால், காலையில் பைக்கை எடுத்து இரத்தினபுரி, அவிசாவளை என்று பிடித்தால் மத்தியானச் சோற்றுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். நானும் என் கூட்டாளியும் நாலு நாள் எடுத்துக்கொண்டோம். பலாங்கொடை, அப்புத்தளை, நுவரெலியா, அட்டன் என்று மலைநாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனோம். ஏன் அப்படிப் போகிறோம் என்பது பாதி வழி வரைக்கும் எனக்கே தெரியாது.

தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், கட்டாயம் போயிருப்பேன். ஆனால் முதல் நாளே அவன் முதுகில் நாலு வைத்திருப்பேன்.

இரண்டு பேரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவர்கள். அவன் எலெக்ட்ரீஷியன். தோட்டம் தோட்டமாகப் போய் வயரிங் வேலை செய்கிறவன். எனக்கு டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. பைக் என்னுடையது. அதை நான் யாருக்கும் ஓட்டக் கொடுப்பதில்லை, அவனுக்கும்தான். அதனால் பின் சீட்டுதான் அவனுக்கு எப்போதும்.

"மச்சான், ஒரு நாலு நாள் லீவு போடுறியா? மலைப்பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றான். அவன் கேட்டு வாயை மூடுவதற்குள் நான் முதலாளியிடம் லீவு சொல்லியாகிவிட்டது.

பெல்மதுளை வரைக்கும் தெரிந்த ரோடு. பலாங்கொடையைத் தாண்டிய பிறகுதான் எனக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்தது. பெலிஹுலோயாவில் ஆற்றோரக் கடையில் பிளேன்டீ குடித்தோம். கடைக்கார அம்மா எங்கள் மூட்டைகளைப் பார்த்து, "கொஹெத மல்லிலா யன்னே?" என்று கேட்டார். எங்கே போகிறோம் என்று நான் யோசிப்பதற்குள் இவன் முந்திக்கொண்டு, "நிக்கங் அம்மே, ரவுமக் கஹன்ன" என்றான். சும்மா ஒரு ரவுண்டு அடிக்கப் போகிறோமாம். அத்தனை சரளமான சிங்களத்தில் அப்படி ஒரு பொய்.

அதற்குப் பிறகு ரோடு மலையைப் பிடித்து ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே சமவெளியில் குளங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொரு வளைவிலும் பைக்கைச் சாய்க்கும்போது நான் கத்தினேன், பின்னாலிருந்து அவனும் கத்தினான். எதிரே வந்த பஸ் டிரைவர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வயதில் இப்படிக் கத்துவதற்கு ஒரு இடம் கிடைப்பது லேசான காரியமா?

அப்புத்தளையில் மூடுபனி. முன் சக்கரம் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் தாழ்நாட்டுத் தோட்டக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வியர்வையும் மழையும் அட்டைக்கடியும்தான். இருந்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, இரண்டு சோளக்காட்டுப் பொம்மைகளாக டவுனில் நடந்தோம். பல் கிடுகிடுத்ததில் கொத்து ரொட்டி சொல்லக்கூட வாய் வரவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் வெலிமடை வழியாக நுவரெலியா. அங்கேதான் குட்டு உடைந்தது. நான் பைக்குக்குப் பெட்ரோல் அடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இவன் மரக்கறிக் கடையில் நின்று லீக்ஸ், கரட், பீட்ரூட் என்று கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கரட்டையும் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறான்.

"டேய், உல்லாசப் பயணம் வந்தவன் எவன்டா லீக்ஸ் வாங்குவான்?"

அவன் கையிலிருந்த கரட்டைத் திருப்பி வைத்தான். பிறகு சொன்னான். "பொண்ணு வீட்டுக்கு, மச்சான்."

அவன் யாரோ ஒரு பெண்ணோடு ஃபோனில் பேசுவது எனக்குத் தெரியும். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற அம்மாமார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். இவன் அங்கே வயரிங் வேலைக்குப் போனபோது பழக்கம். அவளுடைய அப்பா அங்கே கங்காணி. அடுத்த மாதம் பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து அப்பா முன்னால் நில்லுங்கள், பிடித்தால் பெரியவர்களை அனுப்பச் சொல்லுவார், பிடிக்காவிட்டால் அதோடு சரி என்று அவள் சொல்லியிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அதுக்கு நேரா போறதை விட்டுட்டு அப்புத்தளை எதுக்குடா?"

"பயமா இருந்துச்சு. போற வழி நீளமா இருந்தா தைரியம் வந்துரும்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"இன்னும் அட்டன் இருக்கே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லீக்ஸாலேயே அடித்திருப்பேன். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. மரக்கறி மூட்டையை டேங்கின்மேல் கட்டினோம். இனி இது வெறும் சுற்றுலா இல்லை, மாப்பிள்ளை ஊர்வலம் என்று நினைத்தபோது ஆக்ஸிலேட்டர் தன்னால் முறுகியது.

நானுஓயா, தலவாக்கலை, அட்டன் என்று வழி நெடுக ஒரே வாக்குவாதம்தான். பெண்ணின் அம்மாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? எங்கள் ஆட்களிடம் இது விளையாட்டு இல்லை. முன்பின் தெரியாதவரைக்கூட ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் அது ஒட்டிக்கொள்ளும். சித்தி என்றால் அவர் மகள் தங்கச்சி ஆகிவிடுவாள். தங்கச்சியைக் கட்ட முடியுமா?

"அத்தைன்னு கூப்பிடவா?" காற்றில் கத்தினான்.

"இன்னும் பொண்ணே கேக்கல, அதுக்குள்ள அத்தையா? கங்காணி வெரட்டிருவாரு!"

"ஆன்ட்டி?"

"டவுன்காரன்னு நினைப்பாங்க. பேசாம எந்த முறையும் சொல்லாத. வாங்க, போங்க, சரிங்க. அவ்வளவுதான்."

அட்டனில் தங்கிய அறையில் அவன் கண்ணாடி முன்னால் நின்று "சரிங்க, வேணாங்க, போதுங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை.

கடைசி நாள் கினிகத்தேனையிலிருந்து இறக்கம். குளிர் விட்டு, சூடு ஏறி, கித்துல்கலவில் மழை பிடித்தது. மழை என்றால் எங்கள் ஊர் மழை, வாளியோடு கவிழ்க்கிற மழை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை. அங்கிருந்து தோட்டத்து ரோடு, பாதி கல், பாதி ஓடை. பின் சக்கரம் வழுக்கி வழுக்கிப் போக, இவன் இறங்கித் தள்ள, நான் கத்த, ஒருவழியாக லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பைக் கண்ணாடியில் அவனுக்கு முன்னால் நான் தலையை வாரிக்கொண்டேன். கட்டப்போகிறவன் நானா, அவனா என்று சந்தேகமே வந்துவிட்டது.

கங்காணி வாசலில் நின்று, "வாங்க தம்பி, வாங்க" என்று கூப்பிட்டார். இஸ்தோப்பில், அந்த முன் வராந்தாவில், நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். எங்கள் மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் சிவப்புச் சிமெண்டுத் தரையில் குளமாக நின்றது. அவர் வேலையைப் பற்றிக் கேட்டார், தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். இவன் "சரிங்க, ஆமாங்க" என்று அருமையாகப் பதில் சொன்னான். கதவு ஓரத்தில் அந்தப் பெண் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாஸாகிவிட்டான் என்றே நான் நினைத்தேன்.

அப்போதுதான் அவளுடைய அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். நாங்கள் சொட்டவிட்ட தண்ணீரில் கால் வைத்தார். வழுக்கியது.

"சித்தி! பாத்து!"

ஒரே பாய்ச்சலில் அவரையும் பிடித்து, தட்டையும் பிடித்துவிட்டான். ஒரு கோப்பைகூடக் கீழே விழவில்லை. ஆனால் விழக்கூடாதது விழுந்துவிட்டது. எங்கள் லயத்தில் அந்த வயதுப் பெண்கள் எல்லோருமே அவனுக்குச் சித்திதான். வாய் பழகிய வழியில் போய்விட்டது.

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று.

"என்னா தம்பி இப்பிடிச் சொல்லிட்டீங்க" என்றார் கங்காணி. அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வாய்ச்சொல்லு வீட்டுக்குள்ள விழுந்துருச்சே."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். "ஐயா, இவன் உங்க முன்னாடி வந்து நிக்கப் பயந்துக்கிட்டு இந்த மலையையே சுத்தி வந்திருக்கான். தெரணியகலைக்கு அப்புத்தளை வழியா எவனாச்சும் வருவானா? ராவெல்லாம் கண்ணாடியைப் பாத்து 'சரிங்க, போதுங்க'ன்னு படிச்சான். ஒரு சொல்லுக்காக இவனைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

முதலில் சிரித்தது அந்தப் பெண். பிறகு அவள் அம்மா, தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்கு என்னைய பாக்க வந்தப்ப, எங்கம்மாவை நீங்க என்னா சொல்லிக் கூப்பிட்டீங்க? பெரியம்மான்னுதானே? இத்தனை வருசமா நான் என்ன உங்களுக்குத் தங்கச்சியாவா இருக்கேன்?"

கங்காணி மீசையைத் தடவினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "அது நடந்துச்சு. ஆனா சும்மா விடலியே. என்கூட வந்த சினேகிதன் அந்த முறையை எடுத்துக்கிட்டான். அன்னையிலருந்து இவளுக்கு அவன்தான் அண்ணன். எம்பொண்ணுக்குக் காது குத்துறப்ப தாய்மாமன்னு அவன் மடியிலதான் உக்கார வைச்சோம்." பிறகு என்னைப் பார்த்தார். "விழுந்த சொல்லை யாராச்சும் எடுத்துக்கணும், தம்பி. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

நான் பைக் ஓட்ட வந்தவன்.

"விளையாட்டு இல்ல. எடுத்தா விட முடியாது. எங்களுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. நல்லது கெட்டதுக்கு மகனா வந்து நிக்கணும். வீட்டுல யாரு இருக்கா உங்களுக்கு?"

"நான் மட்டும்தாங்க. அம்மா தவறிட்டாங்க. அப்பா அதுக்கும் முன்னாடியே."

"சொந்தத்துல சித்தின்னு கூப்பிட?"

"யாரும் இல்லைங்க. அம்மா ஒத்தப் பிள்ளை."

கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்த்தால் கல்லும் கரைந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் அவனுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, "சித்தி" என்றேன். இன்னொரு தடவை சொன்னேன்.

"அப்பாடா" என்று அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். "அண்ணே, தேத்தண்ணியைக் குடிங்க, ஆறிப்போகுது." பெரியவர்களை அடுத்த வாரம் அனுப்பச் சொல்லிவிட்டார் கங்காணி. லீக்ஸையும் கரட்டையும் எங்கள் பயணக் கதையைக் கேட்டுக்கொண்டே சித்தி அங்கேயே நறுக்கிச் சமைத்தார். என் கூட்டாளி மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டான். நாலு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். இந்தத் தடவை நேர் ரோடு. அவிசாவளை, இரத்தினபுரி என்று அவன் பின்னாலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான், ஒரு வரிகூடச் சுருதியில் இல்லை. அவனை அவன் வாசலில் இறக்கிவிட்டு நான் என் காம்பராக் கதவைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வீடு போய்ச் சேந்துட்டியாப்பா?"

"சேந்துட்டேன்."

"தலையைத் தொவட்டினியா? ராச்சாப்பாட்டுக்கு என்னா பண்ணுவ?"

"இனித்தான் பாக்கணும், சித்தி. கடை பூட்டியிருப்பாங்க."

"நல்லா இருக்கு! நனைஞ்சுக்கிட்டு வந்தவன் வெறும் வயித்தோட படுப்பியா?" என்று தொடங்கிச் சித்தி என்னைத் திட்ட ஆரம்பித்தார். மழைக்கோட்டு இருந்தும் பொத்தான் போடாமல் ஓட்டியதற்கு, அப்புத்தளைக் குளிருக்கு ஒரு ஜெர்சிகூட எடுத்துப் போகாததற்கு, கல்ரோட்டில் வேகமாகப் போனதற்கு. கதவைக்கூடச் சாத்தாமல், ஈரச் சட்டையோடு நின்று, அவர் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.